எழுதி வைத்தவள்: கரோலின் ஹெர்ஷெலின் கதை

2025 பெப்ரவரி கடைசி வாரம். கிளிநொச்சிக்குக் கிழக்கே, பெரியம்மாவின் வளவுக்குப் பின்னால் உள்ள வயலில் பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. நிலவு இல்லாத இரவு. ஒன்பது மணிபோல ஒரு பிளாஸ்டிக் கதிரையை வரம்பில் போட்டு, நண்பரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரோடு தெற்கே பார்த்தபடி இருந்தேன். நான் தேடியது மங்கலான ஒரேயொரு பொட்டு.

அதைப் பிடிக்கும் வழி சுலபமானது. வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ். அந்த நேரத்தில் அது ஏறத்தாழ உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். தெற்கே பார்த்து நின்றால் அதற்கு இடப்புறம், நீட்டிய கையின் முட்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அந்தப் பொட்டு இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலரில் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஒரு வெண்புகை. வானியலாளர்கள் அதை என்.ஜி.சி. 2360 என்கிறார்கள். சில நூறு விண்மீன்கள் சேர்ந்திருக்கும் ஒரு திறந்த கொத்து அது.

பெரியம்மா ரோர்ச் லைட்டோடு வந்து, நுளம்புக்குள் இருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். பைனாகுலரைக் கொடுத்தேன். அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இதை முதன்முதலில் கண்டது ஒரு பெண், 1783 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு என்று சொன்னேன். திகதி எப்படித் தெரியும் என்று கேட்டார். அவர் எழுதி வைத்தபடியால் தெரியும் என்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அவரிடமும் எழுதி வைத்த திகதி ஒன்று இருக்கிறது. மகனைக் கடைசியாகக் கண்ட நாள், நேரம், இடம். எந்த ஆணைக்குழு வந்தாலும் அதே பொலித்தீன் பை, அதே தாள்கள். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வரம்பில் வைத்துத்தான்.

கரோலின் ஹெர்ஷெல் 1750 மார்ச் 16ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை ஐசக் இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ வாசிப்பவர். தாய் அன்னாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மூன்று வயதளவில் வந்த பெரியம்மை கரோலினின் முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. இடக் கண்ணும் பாதிக்கப்பட்டது. பத்து வயதைத் தாண்டியபோது டைஃபஸ் காய்ச்சல். அதோடு உடல் வளர்ச்சி நின்றது. வாழ்நாள் முழுதும் அவருடைய உயரம் 4 அடி 3 அங்குலம்தான். இந்தப் பிள்ளையை யாரும் கட்டமாட்டார்கள், வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்பது வீட்டில் எடுத்த முடிவு. தந்தை மட்டும் இடைக்கிடை வேறு விதமாக நடந்துகொண்டார். குளிர்கால இரவொன்றில் தெருவுக்குக் கூட்டிப்போய் விண்மீன் கூட்டங்களையும் ஒரு வால்வெள்ளியையும் காட்டினார். சூரிய கிரகணம் வந்தபோது முற்றத்தில் ஒரு தொட்டித் தண்ணீரில் அதன் விம்பத்தைப் பார்க்க வைத்தார்.

அந்த வீட்டுக்குள்ளும் போர் வந்தது. ஹனோவரின் ஆட்சியாளரே பிரித்தானியாவின் அரசராகவும் இருந்தார். அதனால் 1756இல் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் படை ஹனோவரைத் தாக்கியது. 1757 யூலையில் ஹாஸ்டன்பெக் என்ற இடத்தில் ஹனோவர் படை தோற்றது. நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. ஹெர்ஷெல் வீட்டிலும் படையினர் தங்கவைக்கப்பட்டனர். வீட்டுக்குள் படையினர் தங்குவது எப்படியிருக்கும் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நாட்களைப் பற்றி அவர் முதுமையில் எழுதிய இரண்டு காட்சிகள் என்னை விட்டுப் போகவில்லை. முதலாவது, படை திரும்பிய நாள். சிறுமி தனியாக அணிவகுப்பு மைதானத்துக்குப் போய்த் தந்தையைத் தேடுகிறாள். எங்கும் காணவில்லை. குளிரில் விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் எல்லாரும் மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். இவள் வந்ததைக் கவனித்தவர் அண்ணன் வில்லியம் மட்டும்தான். கையிலிருந்த கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் போட்டுவிட்டு ஓடிவந்து அவளுக்கு முன்னால் குந்தியிருக்கிறார்.

இரண்டாவது, அதே வில்லியம் போன நாள். அவருக்கு அப்போது 18 வயது. தோல்விக்குப் பிறகு, படையிலிருந்து விலகி இங்கிலாந்துக்குப் போவதுதான் பாதுகாப்பு என்று வீட்டில் முடிவானது. ஏழு வயதுக் கரோலின் தெருவாசல் படியில் இருக்கிறாள். பெரிய மேலங்கியால் போர்த்திய அண்ணன் நிழல்போல அவளைக் கடந்து போகிறார். பின்னால் அம்மா, அவருடைய பொருட்களைக் கட்டிய மூட்டையோடு. ஒருவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் போனதற்குத் தாய் கண்ட காரணம் படிப்பு. படித்தபடியால்தானே வெளிக்கிட்டார்கள் என்று நினைத்தார். அதனால் மகளுக்கு எழுத்தும் வாசிப்பும் தையலும் போதும். பிரெஞ்சு மொழி வேண்டாம். ஆனால் அந்தச் சிறிதளவு எழுத்தே அவளை அந்தத் தெருவில் வேண்டியவளாக்கியது. போர்முனையில் இருந்த தந்தைக்கு அம்மாவின் கடிதங்களை அவள் எழுதினாள். அயலிலிருந்த ஏழைப் படைவீரர்களின் மனைவிமாருக்கும் அவளே எழுதிக்கொடுத்தாள். வானத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னர் கரோலின் எழுதியவை, முகாமில் இருந்த ஆண்களுக்கு வீட்டிலிருந்த பெண்கள் சொன்ன வார்த்தைகள்.

1767இல் தந்தை இறந்தார். 1772இல் வில்லியம் இங்கிலாந்திலிருந்து வந்து தங்கையைக் கூட்டிச் சென்றார். தாய் லேசில் விடவில்லை. கரோலினுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள வருடா வருடம் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே விட்டார். 22 வயதில், ஆங்கிலம் தெரியாமல், பாத் நகரத்துக்கு வந்து சேர்ந்தார் கரோலின்.

வில்லியம் அங்கே தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர், இசை ஆசிரியர். தங்கைக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார். சில வருடங்களில் ஹாண்டலின் பெரிய இசைப்படைப்புகளில் தனிக்குரல் பாடும் அளவுக்கு அவர் வளர்ந்தார். பர்மிங்ஹாமிலிருந்து ஒரு அழைப்பும் வந்தது. அண்ணன் நடத்தும் கச்சேரியைத் தவிர வேறெங்கும் பாடுவதில்லை என்று மறுத்துவிட்டார். இது எனக்கு எப்போதும் கோபம் தரும் இடம். ஆனால் அந்த அண்ணனே அவளைக் கண்ட ஒரே ஆள் என்பதும் நினைவுக்கு வரும்.

இதற்கிடையில் வில்லியத்துக்கு வானியல் பித்துப் பிடித்தது. வாங்கக் கட்டுப்படியாகும் தொலைநோக்கிகள் போதாமல் தானே உலோக ஆடிகளை வார்த்துத் தேய்த்தார். ஒரு முறை 16 மணித்தியாலம் கையெடுக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கரோலின் பக்கத்தில் நின்று சாப்பாட்டை வாயில் ஊட்டிவிட்டார். வார்ப்பு அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை இடித்து அரித்தவரும் அவரே. 1781 மார்ச் 13ஆம் திகதி வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் அரசர் மூன்றாம் ஜோர்ஜ் ஆண்டுக்கு 200 பவுண் உதவித்தொகை கொடுத்தார். இருவரும் வின்சர் அரண்மனைக்கு அண்மையிலுள்ள டாச்செட்டுக்குப் போனார்கள். கரோலினின் பாட்டு அத்தோடு முடிந்தது. முடிவு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

வில்லியம் அவருக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியைக் கொடுத்து வால்வெள்ளி தேடச் சொன்னார். 1782 ஓகஸ்டில் தொடங்கிய முதல் நாட்கள் மோசமானவை. பனி படிந்த புல்லில், கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் இல்லாத தனிமையில், இரவு முழுக்க நிற்க வேண்டும். போகப் போக அவருக்கு அது பிடித்துப்போனது. 1783இல் இன்னும் நல்ல கருவி ஒன்று கிடைத்தது.

வால்வெள்ளி தேடுபவருக்கு ஒரு தொல்லை உண்டு. தூரத்தில் வரும் வால்வெள்ளி மங்கலான புகைப்பொட்டாகத் தெரியும். வானத்தில் அப்படிப்பட்ட பொட்டுகள் நிறைய உண்டு. அவை வால்வெள்ளிகள் அல்ல. வால்வெள்ளி அடுத்த நாள் இடம் மாறியிருக்கும், இவை மாறா. பாரிஸ் நகரத்தின் சார்ள் மெசியே இப்படி ஏமாந்து ஏமாந்து, 1781 அளவில் 103 பொட்டுகளைப் பட்டியலாக்கி வைத்திருந்தார். கரோலின் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெப்ரவரி 26ஆம் திகதி அவர் கண்ட பொட்டு அதில் இல்லை. அதுதான் என்.ஜி.சி. 2360. இங்கிலாந்தில் அது தெற்கு அடிவானத்துக்கு மேலே 23 பாகை உயரத்தில்தான் வரும். கிளிநொச்சியில் 65 பாகை. அவர் மரக்கொப்புகளுக்கு மேலால் எட்டிப் பிடித்ததை நான் கதிரையில் சாய்ந்து பார்த்தேன்.

அதே வருட இலையுதிர் காலத்தில் கசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் என்.ஜி.சி. 7789 அவர் கண்ணில் பட்டது. இன்று அதைக் கரோலினின் ரோசா என்பார்கள். பெரிய தொலைநோக்கியில் விண்மீன் வரிசைகளும் இடையிலுள்ள இருட்டு வளைவுகளும் ரோசா இதழ் மாதிரித் தெரியும். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பொருட்களை அவர் புதிதாகக் கண்டார். பெரும்பாலானவை திறந்த கொத்துகள்.

திறந்த கொத்து என்றால் என்ன? நமக்குத் தெரிந்த ஒன்று கார்த்திகை. ஆறு விண்மீன் என்று எண்ணுவோம். உண்மையில் ஆயிரத்துக்கும் மேல். ரோகிணிக்குப் பக்கத்தில் வி வடிவில் சிதறிக் கிடப்பவையும் ஒரு கொத்து. ரோகிணி மட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, இடையில் நிற்கும் வேற்றாள். ஒரே பெரும் வாயுமேகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த சகோதரங்கள்தான் ஒரு கொத்து. ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு சேர்ந்து போகும். ஆனால் அந்தப் பிடிப்பு இறுக்கமானதல்ல. பால்வீதியைச் சுற்றும்போது பெரிய மேகங்களைக் கடக்கும். பால்வீதியின் ஈர்ப்பும் இழுக்கும். ஒவ்வொன்றாகக் கழன்று போகும். பெரும்பாலான கொத்துகள் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் முற்றாகக் கலைந்துவிடும். நமது சூரியனும் ஒரு கொத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கருதுகிறார்கள். கூடப் பிறந்தவை எங்கே போயின என்பது இன்னும் தேடப்படுகிறது.

கொத்தின் வயதை அதன் நிறம் காட்டிக்கொடுக்கும். பாரமான நீல விண்மீன்கள் எரிபொருளை வேகமாகச் செலவழித்து முதலில் முடியும். கார்த்திகையில் அவை இன்னும் இருக்கின்றன. அதற்கு வயது பத்துக் கோடி ஆண்டுக்குச் சற்று மேல்தான். கரோலினின் 2360க்கு ஏறத்தாழ நூறு கோடி. 7789க்கு நூற்றைம்பது கோடிக்கு மேல். கலையாமல் தப்பி நிற்கும் கிழக் கொத்துகள் இவை. அதனாலேயே இன்றும் ஆய்வாளர்கள் இவற்றை விடாமல் பார்க்கிறார்கள். இதெல்லாம் கரோலினுக்குத் தெரியாது. வில்லியம்கூட, கொத்துகள் காலப்போக்கில் நெருங்கி இறுகுகின்றன என்றே நினைத்தார். திறந்த கொத்துகளில் நடப்பது மறுதலை.

தங்கை ஒரு சின்னக் கருவியால் இவ்வளவைக் கண்டது வில்லியத்தை உசுப்பியது. 1783 ஒக்டோபரில், ஏறத்தாழ 19 அங்குல ஆடி கொண்ட 20 அடித் தொலைநோக்கியோடு தானே வானத்தைத் துழாவத் தொடங்கினார். அதற்கு உதவியாள் வேண்டும். கரோலின் தன் தேடலை விட்டுவிட்டு உள்ளே போய் இருக்க வேண்டி வந்தது. அண்ணன் வெளியே மேடையில் நின்று கத்துவார். தங்கை யன்னலோரம் மணிக்கூட்டோடும் மெழுகுதிரியோடும் இருந்து நேரம், இடம், விபரம் எல்லாவற்றையும் எழுதுவார். பகலில் கணக்குப் போட்டுச் சுத்தமாகப் படியெடுப்பார். 1802 வரைக்கும் அச்சான மூன்று பட்டியல்களில் 2500 கொத்துகளும் நெபுலாக்களும் உள்ளன. அவர் கண்டவைக்கு அருகில் அவருடைய முதலெழுத்துகள் இருக்கின்றன. இலக்கம் என்னவோ வில்லியத்தின் வரிசையில்தான்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றும் உண்டு. ஊடகக் கற்கைப் பட்டம் முடித்த புதிதில் ஒரு மூத்தவருக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட நேர்காணல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வெளிவந்ததில் நன்றிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. என்னுடைய முதலெழுத்துகூட இல்லை என்று கரோலினை வாசித்தபோது சிரிப்பு வந்தது.

1783 டிசெம்பர் 31 இரவு. நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு உருகும் பனி. கெதியாக வா என்று அண்ணன் கத்த, இருட்டில் ஓடிய கரோலின் விழுந்தார். தொலைநோக்கிச் சட்டத்திலிருந்த பெரிய இரும்புக் கொழுக்கி முழங்காலுக்கு மேலே தொடையில் ஏறியது. அவரைத் தூக்கியபோது தசைத்துண்டு கொழுக்கியோடேயே நின்றுவிட்டது. பிற்பாடு அவர் தன்னைத் தேற்றிக்கொண்ட விதம்: மீதி இரவு முகிலாக இருந்தது, எனவே அண்ணனின் வேலை ஒன்றும் கெடவில்லை.

1786இல் ஸ்லவ் என்ற ஊருக்கு மாறினார்கள். வில்லியம் ஜேர்மனிக்குப் போயிருந்த நேரம், ஓகஸ்ட் 1ஆம் திகதி, கரோலினுக்குத் தனக்கென ஒரு இரவு கிடைத்தது. ஒரு பொட்டைக் கண்டார். அடுத்த இரவு அது இடம் மாறியிருந்தது. வால்வெள்ளி! 1797க்குள் எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். கடைசியைக் கண்டபோது ஒரு மணித்தியாலம் மட்டும் தூங்கி, இருபது மைலுக்கு மேல் குதிரையில் போய் கிரீனிச்சில் அரச வானியலாளரிடம் நேரே சொன்னார்.

1787இல் அரசர் கரோலினுக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் ஒதுக்கினார். அறிவியல் வேலைக்குச் சம்பளம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர் அவர். முதல் காலாண்டுக்கு 12 பவுண் 10 சிலிங் வந்தது. 37 வயதில், தன் விருப்பப்படி செலவழிக்கலாம் என்று அவர் உணர்ந்த முதல் காசு அது.

அடுத்த வருடம் வில்லியம் கலியாணம் கட்டினார். வீட்டு நிர்வாகம் அண்ணியிடம் போனது; கரோலின் வாடகை அறைக்குப் போனார். வேலைக்கு மட்டும் இரவில் வருவார். அதற்குப் பிறகான பத்து வருடத்துக் குறிப்புகளை அவர் பின்னாளில் அழித்துவிட்டார். நெஞ்சிலிருந்த கசப்பெல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும். அண்ணியோடு பிறகு நன்றாகவே பழகினார். யாரையும் நோகவைக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வாழ்நாள் முழுதும் எதையும் எழுதாமல் விடாத ஒருவர், தன் வலியை எழுதியும் பிறகு கிழித்தும் விட்டார். வாய்மூல வரலாறு சேகரிக்கப் போகும்போதெல்லாம், இது வேண்டாம் பிள்ளை, வெட்டிவிடு என்று சொல்லும் பெண்களை நான் சந்திக்கிறேன். வெட்டிவிடுகிறேன். ஆனாலும் கரோலினின் அந்தப் பத்து வருடத்தை வாசிக்க முடியாமல் போனதற்கு எனக்குக் கவலைதான்.

1798இல் ரோயல் சொசைட்டி அவருடைய நட்சத்திர அட்டவணையை வெளியிட்டது. ஃப்ளாம்ஸ்டீட்டின் பழைய பட்டியலில் விடுபட்டுப்போன 560 விண்மீன்களை அதில் சேர்த்திருந்தார்.

1822 ஓகஸ்டில் வில்லியம் இறந்தார். துக்கத்தில் அவசரமாக முடிவெடுத்து, ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஹனோவருக்குத் திரும்பினார் கரோலின். விரைவிலேயே வருந்தினார். ஊர் அப்படியே இருக்கும் என்று நினைத்துத் திரும்பியவர்களுக்கு இது விளங்கும். எதிர் வீடுகளின் உயரமான கூரைகள் வானத்தை மறைத்தன. 72 வயது. பார்க்க வானம் இல்லை, கடதாசிகள் இருந்தன. வில்லியத்தின் மகன் ஜோன் அந்த 2500 பொருட்களையும் மீண்டும் பார்க்க விரும்பினார். ஆனால் அப்பாவின் பட்டியல் வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது, வானத்தில் ஒழுங்காகத் தேட உதவாது. கரோலின் அத்தனையையும் வானத்தின் வலயங்களின்படி மறுபடி கணித்து அடுக்கி எழுதி அனுப்பினார். இன்று நாம் பயன்படுத்தும் என்.ஜி.சி. இலக்கங்கள் 1888இல் வந்தவை. அந்த வரிசையின் அடியில் இந்தக் கிழவியின் கையெழுத்து இருக்கிறது.

அந்த வேலைக்காக 1828இல் ரோயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்து ஒரு பெண்ணுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது 1996இல், வேரா ரூபினுக்கு. கரோலினோ, பழக்கிய ஒரு நாய்க்குட்டி செய்யக்கூடியதைத்தான் அண்ணனுக்குச் செய்தேன் என்ற தொனியில் எழுதினார். நான் அதை நம்பவில்லை. நாய்க்குட்டி 560 விண்மீனைத் திருத்தாது.

1848 ஜனவரி 9ஆம் திகதி, 97 வயதில் இறந்தார். ஹனோவரில் பெற்றோருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவருடைய விருப்பப்படி பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் வைக்கப்பட்டன: வில்லியத்தின் தலைமயிர்க் கற்றை ஒன்று, தந்தை பாவித்த பழைய பஞ்சாங்கம் ஒன்று.

கரோலினின் ரோசாவைப் பார்க்க நொவெம்பர் பிற்பகுதி நல்லது. மழை விட்ட ஒரு இரவில், எட்டு மணிபோல, வடக்கே பாருங்கள். எழுத்துச் சாய்ந்ததுபோல ஐந்து விண்மீன் நிற்கும், அது கசியோப்பியா. அதன் மேற்கு ஓரத்திலுள்ள விண்மீனுக்குப் பக்கத்தில் பைனாகுலரை வைத்து மெல்ல நகர்த்துங்கள். விளக்கீடு அன்று வேண்டாம். அன்று முழுநிலவு கார்த்திகைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் அழித்துவிடும். பெரியம்மா திகதியையும் நேரத்தையும் தன் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறார். பெப்ரவரி இரவை எழுதிவிட்டேன். நொவெம்பருக்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறது.